கம்பெனி ஏர் பாக்ஸா, வெளிமார்க்கெட் இன்டேக்கா? காசு கொடுக்கும் முன் அளந்து பாருங்கள்

முதல் கார் வாங்கி ஆறு மாதம் ஆனதும் பலருக்கு வரும் ஆசை இன்டேக், அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் அமைப்பை, மாற்றுவது. சைலன்சர் மாற்றுவதைவிடச் செலவு குறைவு, ஒரு மணி நேர வேலை, பானெட்டைத் திறந்தால் சிவப்புக் கூம்பு ஃபில்டர் பளிச்சென்று தெரியும். கடையில் 'பத்து ஹார்ஸ்பவர் ஏறும், மைலேஜும் கூடும்' என்பார்கள். டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் இரண்டுமே நடக்காது. சத்தம் மாறும், அது உண்மை. சத்தம் மாறினால் பிக்கப் கூடியதுபோலத் தோன்றும், அதுவும் உண்மை.

இந்த வழிகாட்டி நம் ஊரில் அதிகம் ஓடும் சின்னப் பெட்ரோல் கார்களை வைத்து எழுதியது. டர்போ, டீசல் வண்டிகளுக்கு விஷயம் மாறும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கம்பெனி ஏர் பாக்ஸ் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

பானெட்டைத் திறந்து, காற்று உள்ளே போகும் வழியை முன்பக்கத்திலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். ரேடியேட்டருக்கு மேலேயோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலேயோ தட்டையான பிளாஸ்டிக் வாய் ஒன்று இருக்கும். ஸ்நார்கல் என்பது அதுதான். எஞ்சின் சூடு படாத, தண்ணீர் நேரே அடிக்காத இடமாகப் பார்த்து அதை வைத்திருப்பார்கள். அங்கிருந்து டப்பாவின் கீழ்ப்பாதி, பிறகு ஃபில்டர், மேல்பாதி, ரப்பர் ஹோஸ், கடைசியாக ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் திறக்கும் தட்டு உள்ள த்ராட்டில் பாடி. வழியில் பக்கவாட்டில் எதற்கும் இணையாத ஒரு வெற்று டப்பா ஒட்டிக்கொண்டிருந்தால் அது ரெசனேட்டர். எஞ்சின் மூச்சிழுக்கும் உறுமலை அமுக்குவது அதன் வேலை. சில எஞ்சின்களில் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) இழுவை சீராக இருப்பதற்கும் அது உதவும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்களைப் பலரும் கவனிப்பதில்லை. எஞ்சினிலிருந்து வரும் ஆவியை மறுபடி எரிக்கக் கொண்டுவரும் பிரீதர் ஹோஸ், ஃபில்டரைத் தாண்டிய இடத்தில்தான் சேரும். டப்பாவின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் அது உடைசல் அல்ல, மழைநீர் வடிய விட்டது. 'காற்று கசிகிறது' என்று நினைத்து அதை டேப் ஒட்டி மூடிவிடாதீர்கள்.

ஒரு கணக்கு

ஃபில்டர்தான் எஞ்சினின் கழுத்தை நெரிக்கிறது என்பது விளம்பரம் சொல்லும் கதை. சரிபார்ப்போம். 1.2 லிட்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.2 லிட்டர் காற்றை இழுக்கும். 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3,600 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்பாது, 85 சதவீதம் என்று வைத்தால் நொடிக்கு 51 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டரை.

இப்போது ஃபில்டரைக் கையில் எடுத்து மடிப்புகளை எண்ணுங்கள். 20 செ.மீ நீளம், 16 செ.மீ அகலம், 50 மடிப்பு, ஒவ்வொன்றும் 2.5 செ.மீ ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மடிப்பைப் பிரித்துப் போட்டால் 4,000 சதுர செ.மீ காகிதம், அதாவது ஏ4 தாள் ஆறுக்கும் மேல். நொடிக்கு 51 லிட்டர் காற்று அவ்வளவு பரப்பில் பிரிந்து போகும்போது, காகிதத்தை ஊடுருவும் வேகம் நொடிக்கு 13 செ.மீ தான். நல்ல காகிதத்துக்கு இது சிரமமே இல்லை. பெரும்பாலான வண்டிகளில் காற்று அதிகம் தடுமாறும் இடங்கள் ஸ்நார்கலின் குறுகிய கழுத்தும், ஹோஸின் வளைவுகளும், த்ராட்டில் தட்டும்தான்.

அடுத்தது சூடு. 35 டிகிரி காற்றும் 65 டிகிரி காற்றும் ஒரே அழுத்தத்தில் இருந்தால், சூடான காற்றில் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. காற்றழுத்தம் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் என்பதால், இன்டேக் வழியில் 1 கிலோபாஸ்கல் தடையைக் குறைத்தால் கிடைப்பது சுமார் 1 சதவீதக் காற்று. நல்ல இன்டேக் கிட் ஒன்று 2 கிலோபாஸ்கல் மிச்சம் பிடித்தாலும், பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை இழுத்தால் அந்த லாபம் நாலு மடங்கு நஷ்டமாகத் திரும்பும். காற்று சூடானால், எஞ்சினை நடத்தும் கணினியான இசியூ, நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி எரிந்து தட்டுவது) வராமல் இருக்க ஸ்பார்க் விழும் நேரத்தையும் பின்னுக்குத் தள்ளும். அது இன்னொரு இழப்பு.

மைலேஜ் பற்றியும் சொல்லிவிடுவோம். பெட்ரோல் எஞ்சினில் நாம் காலால் அமுக்கும் த்ராட்டில் தட்டுதான் பெரிய தடை. சாதாரணமாக ஓட்டும்போது அது பாதிக்கு மேல் மூடியே இருக்கும். அதற்கு முன்னால் ஃபில்டர் கொஞ்சம் அடைத்திருந்தால், கால் தானாகவே சற்றுக் கூடுதலாக அமுக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வேண்டுமென்றே அடைத்த ஃபில்டர்களைப் போட்டுச் சோதித்தது. இன்ஜெக்ஷன் கார்களில் எரிபொருள் செலவு சொல்லும்படி மாறவில்லை, முழு வேகம் எடுக்கும்போதுதான் மந்தம் தெரிந்தது. ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு.

முதல் வேலை: உங்கள் வண்டியை அளப்பது

ஓபிடி டாங்கிள் ஒன்று வாங்குங்கள், வண்டியின் கணினியிலிருந்து எண்களைப் படிக்கும் சின்னக் கருவி அது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, போனில் ஆப் வழியாக எண்களைப் பார்க்கலாம். கிட்டின் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். கிட் வாங்காமல் போனாலும் பின்னால் பயன்படும்.

முதலில் உங்கள் வண்டி காற்றை எப்படி அளக்கிறது என்று பாருங்கள். ஆப்பில் 'மேப்' என்று அழுத்த அளவு மட்டும் வந்தால் அது மேப் சென்சார் வண்டி. நம் ஊர் சின்னப் பெட்ரோல் கார்கள் பலவும் இப்படித்தான். 'மாஃப்' என்று நொடிக்கு இத்தனை கிராம் காற்று என வந்தால், ஃபில்டருக்குப் பின்னால், சூடான கம்பியால் காற்றை அளக்கும் ஹாட் வயர் சென்சார் இருக்கிறது. டீசல்களில் இது வழக்கம். வாங்கப்போகும் பொருளையே இந்த வித்தியாசம் தீர்மானிக்கும்.

டர்போ இல்லாத மேப் வண்டி என்றால் சோதனை சுலபம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது அந்த ஊரின் காற்றழுத்தம். சென்னையில் 100, 101 காட்டும். பெங்களூரில் 91 பக்கம், ஊட்டியில் 78 பக்கம். பிறகு வெறிச்சோடிய, நேரான சாலையில், பக்கத்தில் ஒருவரைப் போனைப் பார்க்க வைத்து, இரண்டாவது கியரில் முழுதாக அமுக்கி 5,500 ஆர்பிஎம் வரை போங்கள். அப்போது காட்டும் அழுத்தத்தை முதல் எண்ணிலிருந்து கழித்தால் ஸ்நார்கல், ஃபில்டர், ஹோஸ், த்ராட்டில் எல்லாம் சேர்ந்து தின்னும் அழுத்தம் வந்துவிடும். ஆப் முழு எண்ணாகவே காட்டும் என்பதால் மூன்று முறையாவது செய்யுங்கள்.

புது பேப்பர் ஃபில்டர் போட்டு மறுபடி இதையே செய்யுங்கள். பழையதுக்கும் புதியதுக்கும் வரும் வித்தியாசம்தான் அழுக்கு ஃபில்டரின் பங்கு. புது ஃபில்டரோடு மொத்த இழப்பு 3 கிலோபாஸ்கலுக்குள் என்றால், எந்தக் கிட்டும் உங்களுக்குத் தரக்கூடியது அதற்குள் ஒரு துண்டுதான். 5க்கு மேலே போனால் கிட் தேடாமல் அடைப்பைத் தேடுங்கள். ஸ்நார்கலில் பாலித்தீன் கவர், காய்ந்த இலை, டப்பாவுக்குள் எலி கொண்டுவந்து அடுக்கிய தேங்காய் நார் எல்லாம் சகஜம். முன்பக்கம் இடிபட்டுச் சரிசெய்த வண்டி என்றால் ஸ்நார்கல் இருக்கிறதா என்றே பாருங்கள். பெயின்ட் வேலையின்போது கழற்றிவிட்டு, திரும்ப மாட்டாமலே வண்டியைக் கொடுத்துவிடுவதுண்டு. அப்படிப்பட்ட வண்டி கம்பெனி டப்பாவோடேயே எஞ்சின் சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கும்.

டர்போ வண்டியில் இந்தக் கழித்தல் கணக்கு உதவாது. அங்கே இசியூ கேட்கும் பூஸ்டும் (டர்போ ஏற்றும் அழுத்தம்) உண்மையில் கிடைக்கும் பூஸ்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டது கிடைத்துக்கொண்டிருந்தால் இன்டேக் தடையாக இல்லை என்று பொருள்.

கடைசியாக ஐஏடி, அதாவது உள்ளே போகும் காற்றின் சூடு. சிக்னல் நெரிசலில் பத்து நிமிடம் நின்று ஒரு எண், பிறகு 60 கி.மீ வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடி ஒரு எண், இரண்டையும் எழுதி வையுங்கள். சென்சார் சில வண்டிகளில் ஃபில்டர் டப்பாவிலும் சிலவற்றில் மேனிஃபோல்டிலும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாய்) இருக்கும். அதனால் அடுத்தவர் கார் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. உங்கள் வண்டியின் 'முன்', 'பின்' எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

கடையில் கிடைப்பவை

டிராப்-இன் ஃபில்டர் என்பது கம்பெனி டப்பாவுக்குள்ளேயே அதே அளவில் உட்காருவது. எண்ணெய் தடவிய பருத்தி, ஃபோம், உலர்ந்த செயற்கை இழை என்று வகை உண்டு. ஸ்நார்கல், டப்பா, சென்சார், பிரீதர் எதையும் தொட வேண்டாம் என்பது இதன் பெரிய வசதி. கழுவித் திரும்பப் போடலாம். பவர் விஷயத்தில் எதிர்பார்ப்பு வேண்டாம். கவலைப்பட வேண்டியது தூசி. காற்றை எளிதாக விடும் பருத்தி வலை, நுண்தூசியையும் காகிதத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விடும். கண்ணுக்குத் தெரியாத மணல் துகள்தான் பிஸ்டன் ரிங்கைத் தேய்ப்பது. தினமும் செம்மண் சாலையிலோ, லாரிகள் ஓடும் குவாரிப் பக்கமோ ஓட்டுபவருக்கு பேப்பர்தான் சரி. மாஃப் சென்சார் உள்ள வண்டியில் எண்ணெய்ப் பருத்தியைவிட உலர் வகை நிம்மதி. கே அண்ட் என் போன்ற பெயர்பெற்ற பிராண்டுகளுக்குப் போலிகள் ஏராளம். அசல் விலையில் கால்வாசிக்குக் கிடைத்தால் அது அசல் அல்ல. ரப்பர் ஓரம் கல்லாக இருப்பது, வெட்டு கோணலாக இருப்பது, டப்பாவில் வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொள்வது எல்லாம் அடையாளம்.

திறந்த கூம்பு என்பது டப்பாவையே எடுத்துவிட்டு, குட்டைக் குழாயின் முனையில் பானெட்டுக்குள் ஃபில்டரை மாட்டுவது. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் இதுதான் அட்டகாசம். மேலே போட்ட கணக்குப்படி நம் வெயிலுக்கு இதுதான் மோசம். சென்னை கத்திப்பாரா சந்திப்பில் மே மாத மதியம் கால் மணி நேரம் நின்றால், அந்தக் கூம்பு குடிப்பது ரேடியேட்டர் ஃபேன் பின்னால் தள்ளும் காற்றை. சிக்னல் விழுந்து முதல் கியரில் நகரும்போது மந்தம் தெரியும். நெடுஞ்சாலையில் காற்றோட்டம் வந்ததும் பாதி சரியாகும். கிட்டோடு ஒரு தகரத் தடுப்பு கொடுத்து 'ஹீட் ஷீல்டு' என்பார்கள். தடுப்பின் மேல்விளிம்பில் ரப்பர் பட்டை இருந்து, பானெட்டை மூடும்போது அதோடு ஒட்டி, கூம்பு தனி அறைக்குள் அடைபட்டு, அந்த அறைக்கு வெளிக்காற்று வரும் வழியும் இருந்தால்தான் அது ஷீல்டு. மற்றபடி அலங்காரம்.

கோல்டு ஏர் இன்டேக்கில் குழாய் நீண்டு, பம்பருக்குப் பின்னாலோ ஃபெண்டருக்குள்ளோ ஃபில்டர் இறங்கி உட்காரும். குளிர்ந்த காற்று கிடைக்கும் என்பது சரி. ஆனால் ஃபில்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். பல கிட்களில் தரையிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் பார்த்த சென்னையில் இது சின்ன விஷயமில்லை. சுரங்கப்பாதைத் தண்ணீரில் ஃபில்டர் மூழ்கினால் எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும். 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 300 மி.லி. கம்ப்ரஷன் விகிதம் 11 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 30 மி.லி, இரண்டு மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் போனால், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். எஞ்சினைப் பிரித்துக் கட்ட வேண்டியதுதான். சாதாரண காப்பீட்டில் தண்ணீர் புகுந்த எஞ்சினுக்குப் பணம் வராது, எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் பாலிசி வேண்டும். அதுவும் இருந்து, காற்றுவாயைச் சொல்லாமல் கீழே இறக்கியிருக்கிறீர்கள் என்று சர்வேயர் எழுதினால், வாதாடுவது கடினம்.

மூடிய வெளிமார்க்கெட் டப்பா விலை அதிகம், சத்தம் குறைவு, ஆனால் பொறியியல் ரீதியில் ஒழுங்கானது இதுதான். வெளிக்காற்று வாயோடு இணைந்த பெரிய டப்பா, பெரிய ஃபில்டர். டர்போ வண்டியில் ரீமேப் செய்து (இசியூ மென்பொருளை மாற்றி) பூஸ்ட் ஏற்றும்போது, முன்னிருந்ததைவிட அதிகக் காற்று தேவைப்படும். அப்போது கம்பெனி டப்பா உண்மையிலேயே தடையாகலாம், இதற்குக் கொடுக்கும் காசுக்கு வேலை இருக்கிறது. ரீமேப் இல்லாமல் இதை மட்டும் மாட்டினால் டர்போ விசில் நன்றாகக் கேட்கும்.

மாஃப் வண்டிக்காரர்கள் கவனிக்க

ஹாட் வயர் சென்சார் மொத்தக் காற்றை அளப்பதில்லை. தன் கம்பிமேல் எவ்வளவு வேகமாகக் காற்று ஓடுகிறது என்று பார்த்து, 'இந்தக் குழாயின் விட்டம் இவ்வளவு' என்று இசியூவுக்குள் எழுதியிருப்பதை வைத்து மீதியைக் கணக்கிடுகிறது. 70 மி.மீ குழாயை எடுத்துவிட்டு 76 மி.மீ குழாயில் அதே சென்சாரைப் பொருத்தினால், குழாயின் பரப்பு சுமார் 18 சதவீதம் கூடும். அதே அளவு காற்று மெதுவாக ஓடும், சென்சார் சுமார் 15 சதவீதம் குறைவாகச் சொல்லும். இசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். ஆக்ஸிஜன் சென்சார் கண்டுபிடித்துத் திருத்தப் பார்க்கும், எல்லை தாண்டினால் பி0171 பிழைக் கோடோடு செக் எஞ்சின் விளக்கு எரியும். முழு த்ராட்டிலில் எஞ்சின் லீனாக, அதாவது பெட்ரோல் போதாமல், ஓடுவது ஆபத்து. எனவே கிட் வாங்கும்போது சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, கம்பெனி அளவோடு ஒப்பிடுங்கள். வளைவு முடிந்த உடனே சென்சார் உட்கார்ந்தாலும் அளவு தவறும்.

சட்டம்

டிராப்-இன் ஃபில்டரால் யாரும் உங்களை நிறுத்தப்போவதில்லை. டப்பாவையே மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இறக்குமதிக் கிட்டின் அட்டையில் கலிஃபோர்னியா அனுமதி எண் அச்சிட்டிருப்பார்கள். அது அங்குள்ள சோதனைக்கு, இங்கே செல்லாது. வாரன்டி இருக்கும் வண்டியில் எஞ்சின் பிரச்சினை வந்தால், சர்வீஸ் சென்டர் முதலில் கைகாட்டுவது அந்தக் கூம்பைத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் மாட்டுவதென்றால்

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். 10 மி.மீ ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். எதையும் தொடும் முன் நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள், எந்த ஹோஸ் எங்கே போனது என்ற சண்டையை அது தீர்க்கும். சென்சார் கனெக்டரை லாக்கை அமுக்கிப் பிடித்து உருவுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே முள் வளையும்.

அடுத்து பிரீதர் ஹோஸ். அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். ஐந்தாறு வருடம் சூடு தின்ற பிளாஸ்டிக் முனை பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். நேராக இழுத்தால் முறிந்து, பாதி துண்டு உள்ளே நிற்கும். இடமும் வலமும் மெல்லத் திருப்பி ஒட்டை விடுவித்துவிட்டு, பிறகு இழுங்கள். ஹோஸ் கிளாம்ப்பைத் தளர்த்தி, கிளிப்புகளைத் திறந்து, டப்பாவை மேல்நோக்கித் தூக்கினால் ரப்பர் புஷ்களிலிருந்து கழன்றுவரும். புஷ் வண்டியில் ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். த்ராட்டில் வாயைச் சுத்தமான சிவப்புத் துணியால் அடைத்து, துணியின் வால் ஒரு முழம் வெளியே ஃபெண்டர்மேல் தொங்கும்படி விடுங்கள். கறுப்புத் துணி வைத்து மறந்து ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டர்போ வண்டியில் இந்தத் துணி இன்னும் முக்கியம். கம்ப்ரசர் சக்கரத்துக்கு ஒரு வாஷர் போதும்.

புதுக் குழாயைக் கிளாம்ப்போடு தளர்வாக மாட்டி, எல்லாம் இடத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்குங்கள். கிளாம்ப்பை மூச்சைப் பிடித்து இறுக்கினால் சிலிக்கான் ஹோஸ் வெட்டுப்படும். பிடி விழுந்ததும் கால் சுற்று கூடுதல் போதும். மாஃப் சென்சாரின் அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். எஞ்சின் மவுன்டில் ஆடும், பாடி ஆடாது. இரண்டையும் இணைக்கும் குழாயில் ஒரு மென்மையான இணைப்பாவது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாமே உலோகமாக இருந்தால் சில மாதத்தில் பிராக்கெட் விரியும்.

பானெட் இடிக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: குழாயின் உச்சியில் நெல்லிக்காய் அளவு சப்பாத்தி மாவை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். மாவு 10 மி.மீக்குக் கீழே நசுங்கியிருந்தால் இடம் போதாது, எஞ்சின் குலுங்கும்போது தட்டும்.

துணியை எடுத்தீர்களா? பிரீதர் மாட்டினீர்களா? சென்சார் கனெக்டர் 'டிக்' என்றதா? மறந்த ஐஏடி கனெக்டர் பி0113 கோடாகத் திரும்பி வரும். பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். பேட்டரி கழற்றியதால் முதல் சில நிமிடம் ஆர்பிஎம் ஏறி இறங்குவது சில வண்டிகளில் இயல்பு. பிறகும் ஆடினால் காற்றுக் கசிவு. மாஃப் வண்டியில் சென்சாருக்குப் பின்னால் எங்கே கசிந்தாலும் இசியூ கணக்கு தவறும். மேப் வண்டியில் த்ராட்டிலுக்கு முன்னால் கசிந்தால் கணக்கு தவறாது, விளக்கும் எரியாது, தூசி மட்டும் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அது இன்னும் மோசம்.

அன்றே 30 கி.மீ ஓட்டி, ஆப்பில் ஃப்யூல் ட்ரிம் பாருங்கள், இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைத்துத் திருத்துகிறது என்பது அது. கூட்டல் கழித்தல் 5க்குள் இருந்தால் நல்லது, 10ஐத் தாண்டினால் எங்கோ பிழை. முன்பு எழுதிவைத்த ஐஏடி எண்களையும் அதே நேரம், அதே சாலையில் மறுபடி எடுங்கள். நெரிசல் எண் பத்து டிகிரிக்கு மேல் கூடியிருந்தால், நீங்கள் வாங்கியது சத்தத்தை மட்டும்தான். 100 கி.மீ கழித்துக் கிளாம்ப்புகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

500 கி.மீ ஆனதும் வெள்ளைத் துணிச் சோதனை. ஹோஸைக் கழற்றி, ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தின் உட்சுவரைச் சுத்தமான வெள்ளைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். துணியில் வழவழப்பாகக் கறுப்பு வந்தால் அது பிரீதர் ஆவி, பயமில்லை. இரண்டு விரலுக்கு இடையே தேய்த்தால் நறநற என்று பழுப்பாக வந்தால் அது மண். ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது அந்த ஃபில்டரே சல்லடை. அன்றே கம்பெனி டப்பாவைத் திரும்ப மாட்டுங்கள். கம்பெனி டப்பா வைத்திருப்பவர்களும் ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஓர் ஓரத்தில் கிளிப் சரியாக விழாமல் நகக்கண் அளவு இடைவெளி இருந்தாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

பராமரிப்பு

பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவாதீர்கள். காய்ந்தபின் பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் மடிப்புகள் ஒட்டியிருக்கும், காகிதம் வலுவிழந்திருக்கும். ஏர் அடிப்பதென்றால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி, 2 பாருக்குக் கீழே, ஒரு சாண் தள்ளிப் பிடித்து. பஞ்சர் கடைக் கம்ப்ரசரை முழு அழுத்தத்தில் ஒட்டிப் பிடித்தால் காகிதத்தில் ஊசித்துளை விழும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரியும். லேசாகத் தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாக வடிகட்டும் என்பதால், வாரம் ஒருமுறை திறந்து தட்டுவதும் வேண்டாம். கையேட்டில் 30,000, 40,000 கி.மீ என்று இருந்தாலும், கட்டட வேலை ஓயாத புறநகரில் ஓடும் வண்டிக்கு அதில் பாதியில் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய் விஷயம்.

எண்ணெய்ப் பருத்தி ஃபில்டருக்கு அதற்கான கிளீனரை அடித்து பத்து நிமிடம் ஊறவிட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவி, நிழலில் ஓர் இரவு காயவிடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், சோப்புத்தூள், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். எண்ணெயை மடிப்புக்கு ஒரு தடவை வீதம் விட்டு, அரை மணி நேரம் பொறுத்து, வெள்ளையாக நிற்கும் இடங்களில் மட்டும் தொட்டு விடுங்கள். சொட்டும் அளவுக்கு ஊற்றினால் அது ஹாட் வயரில் படிந்து தூசியைப் பிடித்து வைக்கும், சென்சார் குறைவாகச் சொல்லத் தொடங்கும். அப்படி ஆனால் மாஃப் கிளீனர் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவ வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் ஆகாது, பஞ்சால் தொடவும் கூடாது.

கழற்றிய கம்பெனி டப்பாவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்நார்கல், ரெசனேட்டர், ரப்பர் புஷ், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டு டப்பாவின்மேலேயே டேப் ஒட்டி, பரணில் எலி எட்டாத பக்கமாக வையுங்கள். வண்டியை விற்கும் அன்று வாங்குபவர் கேட்பார், மழைக்காலம் வரும்போது நீங்களே தேடலாம்.